நிழலுக்கும் நிறமுண்டு

1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. கற்பிட்டிக் கரையில், கிடுகுக் கொட்டிலில் தங்கியிருந்த நாட்களில் ஒரு பௌர்ணமி இரவு. சற்றுத் தள்ளி ஒரு குப்பி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பந்தல் காலுக்கு வெண்மணலில் இரண்டு நிழல்கள் விழுந்திருந்தன. ஒன்று மஞ்சள், மற்றது நீலம். உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

விளக்கை மறைத்த இடத்தில் நிலவொளி மட்டும் விழுந்தது. அது நீலமாகத் தெரிந்தது. நிலவை மறைத்த இடத்தில் விளக்கொளி மட்டும், அது மஞ்சள். இதை ஆசிரிய கலாசாலையில்தான் விளங்கிக்கொண்டேன்.

மீளக் குடியேறி, இங்கே படிப்பிக்கும் நான் மூன்று டோர்ச்சுகளில் சிவப்பு, பச்சை, நீல செலோபேன் தாள்களைக் கட்டி வெள்ளைச் சுவரில் ஒன்றாக அடிப்பதுண்டு. சுவர் ஏறக்குறைய வெள்ளையாகும். இடையில் ஒரு பென்சிலைப் பிடித்தால் நீலப்பச்சை, மஜந்தா, மஞ்சள் என மூன்று நிழல்கள். சிவப்பு மறைந்த இடத்தில் பச்சையும் நீலமும் சேர்கின்றன, மற்றவையும் அப்படியே.

“சேர், இதையும் நம்மட ஆள்தானே கண்டுபிடிச்சார்?” என்றான் ஒரு மாணவன். மேடைகளில் நாம் பேசிப் பழக்கிய கேள்வி அது. ஆமென்று சொல்லியிருந்தால் வகுப்பு மகிழ்ந்திருக்கும். ஆனால் பொய்ப் பெருமை எதற்கு? விடியலில் மெழுகுதிரி நிழல் நீலமாவதை 1672இல் எழுதியவர் ஜேர்மனியரான குவெரிக்கே. 1794இல் ரம்ஃபோர்ட் அதைப் பரிசோதனைகளாக விரித்தார்.

எனினும் இதற்கு அடிப்படையான ஒன்று நம்மவரிடம் இருக்கிறது. பஸ்ராவில் 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு ஹைதம், நிழல்களைப் பற்றித் தனி ஆய்வுரையே எழுதியவர். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் ஒரு சோதனையைச் சொல்கிறார். இருட்டறையின் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளை வெவ்வேறிடங்களில் வைத்தால், உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள் தனித்தனியே விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். எல்லா ஒளியும் ஒரே துவாரத்தால் போயும் வழியில் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பதே அவரது முடிவு. இந்நூல் 1572இல் பாசல் நகரில் லத்தீனில் அச்சேறியது.

நிறநிழல் அவருடையதல்ல; அதை விளக்கும் நியதி அவர் காட்டியது. இதைச் சொல்லி, மறைத்துப் பார் என்றேன். மாணவன் பச்சை டோர்ச்சைக் கையால் பொத்தினான். சுவர் மஜந்தாவாகியது. ஒரு நிழல் சுவரோடு கலந்து காணாமற்போக, மற்ற இரண்டும் நீலமாகவும் சிவப்பாகவும் நின்றன.