ஒத்தி

ஒத்தி அல்லது ஒற்றி என்பது வீடு, நிலம், தோப்பு போன்ற அசையாச் சொத்தை ஒருவரிடம் ஒப்படைத்து, அவரிடமிருந்து ஒரு மொத்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு, அத்தொகைக்கு வட்டி தருவதற்கு மாற்றாகச் சொத்தின் பயனை அவரே நுகரும்படி விடும் அடைமான முறை ஆகும். தவணை முடிந்ததும் வாங்கிய தொகை கூடுதலோ குறைவோ இன்றித் திருப்பித் தரப்படும். சொத்து உரிமையாளரிடம் மீளும். இது போக்கியம், அனுபவ அடைமானம் எனவும் அழைக்கப்படுகிறது. மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய தென்மாவட்டங்களில் இம்முறை பரவலாக வழங்குகிறது. கையில் மொத்தமாகச் சேர்ந்த சேமிப்பை மாதந்தோறும் பயன் தரும் முதலாக மாற்றுவதற்கு இப்பகுதி மக்கள் கைக்கொள்ளும் வழிகளுள் ஒத்தியும் ஒன்றாகும்.

சொல்லும் வழக்கும்

ஒற்றி என்னும் சொல்லின் பேச்சு வடிவமே ஒத்தி ஆகும். காற்று என்பது காத்து எனவும் நேற்று என்பது நேத்து எனவும் திரிவதைப் போன்றதே இத்திரிபும். சொத்துக்காரர் பணம் பெற்றுச் சொத்தை ஒப்படைப்பது "ஒத்திக்கு வைத்தல்" எனப்படும். பணம் கொடுத்துச் சொத்தைப் பெறுவது "ஒத்திக்கு எடுத்தல்" எனவும், பணத்தைக் கொடுத்துச் சொத்தை மீட்பது "ஒத்தியைத் திருப்புதல்" எனவும் கூறப்படும். பணம் கொடுத்தவர் ஒத்திதாரர் எனப்படுவார்.

செயல்படும் முறை

ஒத்தியில் இரு வகைகள் முதன்மையானவை.

நில ஒத்தியில் ஒத்திதாரர் நிலத்தைத் தாமே பயிரிட்டு விளைச்சலை எடுத்துக்கொள்வார். அல்லது வேறொருவரிடம் வாரத்துக்கு விடுவார். சாத்தூர் வட்டாரம் வைப்பாற்றங்கரையில் அமைந்த கரிசல் நிலப்பகுதி. இங்கு பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் முதலியவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பயிரிடப்படுகின்றன. மழை பொய்த்தால் அவ்வாண்டு ஒத்திதாரருக்குக் கிடைக்கவேண்டிய பயனும் பொய்த்துவிடும். ஆகவே மானாவாரி நில ஒத்தியின் வருவாய் ஆண்டுதோறும் மாறுபடும் தன்மையுடையது.

வீட்டு ஒத்தியில் ஒத்திதாரர் மாத வாடகையின்றிக் குடியிருப்பார். அல்லது உரிமையாளரின் இசைவுடன் வீட்டை உள்வாடகைக்கு விட்டு அவ்வாடகையைப் பெறுவார். முதல் நிலையில் மிச்சமாகும் வாடகையும் இரண்டாம் நிலையில் கைக்கு வரும் வாடகையும் ஒத்திதாரரின் வருவாயாகும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களைச் சார்ந்த இவ்வட்டாரத்தில் கூலி ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. இதனால், தீபாவளிக்கு முன் கிடைக்கும் போனசு, சீட்டுப் பணம், வருங்கால வைப்பு நிதி போன்று மொத்தமாகக் கைக்கு வரும் தொகையைக் கொண்டு மாத வாடகைச் சுமையை நீக்கிக்கொள்வது ஒரு குடும்பத்துக்குப் பெரும் துணையாக அமைகிறது.

வருவாய்க் கணக்கு

ஒத்தியின் பயனைப் பிற சேமிப்பு முறைகளுடன் ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கொள்ளலாம். மாதம் 4,000 ரூபாய் வாடகை பெறத்தக்க ஒரு வீடு 5 இலட்சம் ரூபாய்க்கு மூன்றாண்டு ஒத்திக்கு எடுக்கப்படுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு மிச்சமாகும் வாடகை 48,000 ரூபாய். இது கொடுத்த தொகையில் 9.6 விழுக்காடு ஆகும்.

அஞ்சலக மாத வருவாய்த் திட்டம் 1987 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஐந்தாண்டுக் கால அளவு கொண்ட இதன் வட்டி 2023 ஏப்ரல் மாதத்தில் 7.4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அவ்விகிதத்தில் அதே 5 இலட்சம் ரூபாய் மாதம் ஏறத்தாழ 3,083 ரூபாய் தரும். எனவே மேலோட்டமாகப் பார்க்கும்போது ஒத்தி மாதம் 900 ரூபாய்க்கு மேல் கூடுதலாகத் தருவதாகத் தோன்றும்.

ஆனால் ஒத்தியை முறைப்படி பதிவு செய்தால் இவ்வேறுபாடு சுருங்கிவிடும். தமிழ்நாட்டில் சுவாதீனத்துடன் கூடிய அடைமானத்துக்குத் தொகையில் 4 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 1 விழுக்காடு பதிவுக் கட்டணமும் விதிக்கப்படுகின்றன. 5 இலட்சத்துக்கு இச்செலவு 25,000 ரூபாய். ஒத்திதாரரே இதனை ஏற்பதாகவும், மூன்று ஆண்டுகளுக்குப் பகிர்வதாகவும் கொண்டால், ஆண்டு வருவாய் ஏறத்தாழ 39,667 ரூபாயாக, அதாவது 7.9 விழுக்காடாகக் குறையும். பதிவுக்கான செலவைத் தவிர்க்கவே பலர் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிடுவதோடு நின்றுவிடுகின்றனர். இவ்வாறு மிச்சமாவது ஆண்டுக்கு 1.7 விழுக்காடு அளவேயாகும். இடருக்கு உள்ளாவதோ முழு முதலும் ஆகும்.

சட்ட நிலை

1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 58 ஆம் பிரிவு அடைமான வகைகளை வரையறுக்கிறது. அவற்றுள் அனுபவ அடைமானம் என்னும் வகையே ஒத்திக்குப் பொருந்துவதாகும். இச்சட்டத்தின் முதன்மையான விதிகள் பின்வருமாறு:

59 ஆம் பிரிவு: 100 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட தொகைக்கான ஒத்தி, சொத்துக்காரர் கையொப்பமிட்டுக் குறைந்தது இரு சாட்சிகள் சான்றொப்பமிட்ட பதிவு பெற்ற ஆவணத்தின் மூலமே செய்யப்பட வேண்டும்.

62 ஆம் பிரிவு: அடைமானத் தொகை தீர்ந்ததும் சொத்தையும் ஆவணங்களையும் திரும்பப் பெறும் உரிமை சொத்துக்காரருக்கு உண்டு.

67 ஆம் பிரிவு: ஒத்திதாரர் என்ற நிலையில் மட்டும் சொத்தை ஏலத்தில் விற்கக் கோரியோ, மீட்புரிமையை நீக்கக் கோரியோ வழக்குத் தொடர இயலாது.

68 ஆம் பிரிவு: தொகையைத் திருப்பித் தருவதாகச் சொத்துக்காரர் ஆவணத்தில் உறுதியளித்திருத்தல், சொத்தை ஒப்படைக்கத் தவறுதல் போன்ற நிலைகளில் பணத்தைக் கோரி வழக்குத் தொடரலாம். ஆகவே பணத்தைத் திருப்பித் தரும் உறுதிமொழி ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருப்பது இன்றியமையாதது.

76 ஆம் பிரிவு: ஒத்திதாரர் சொத்துக்கு நிலையான கேடு விளைவிக்கும் எச்செயலையும் செய்யலாகாது.

பதிவு பெறாத ஒத்தி ஆவணத்தைக் கொண்டு சொத்தின்மீது அடைமான உரிமை கோர இயலாது. கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குத் தொடரலாம் எனினும், அந்நிலையில் ஒத்திதாரர் பிணையில்லாத கடன்காரருக்கு ஒப்பானவராகவே கருதப்படுவார்.

சொத்துக்காரரின் பாதுகாப்பு

ஒத்தி எத்தனை ஆண்டுகள் நீடித்தாலும் அது விற்பனையாக மாறுவதில்லை. சிங் ராம் எதிர் சியோ ராம் வழக்கில் 2014 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அனுபவ அடைமானத்தை மீட்பதற்கான காலவரையறை அடைமான நாளிலிருந்து தொடங்குவதில்லை எனத் தெளிவுபடுத்தியது. இதனால், நெடுங்காலம் கையில் வைத்திருப்பதாலேயே ஒத்திதாரர் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட இயலாது.

கடன்பட்ட உழவர்களைக் காக்கும் நோக்கில் சென்னை மாகாணத்தில் 1938 ஆம் ஆண்டு சென்னை உழவர் நிவாரணச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 1948 இல் இதில் சேர்க்கப்பட்ட பிரிவின்படி, உழவரின் சொத்தை ஒத்திதாரர் 30 ஆண்டுகள் அனுபவித்திருந்தால் அவ்வொத்திக் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். பணத்தைக் கொடுத்தவர் அதன் பயனைப் போதிய அளவு பெற்றுவிட்டார் என்பதே இதன் அடிப்படை ஆகும்.

இடர்கள்

வங்கி வைப்பில் முதலைத் திருப்பித் தரும் பொறுப்பு வங்கியுடையது. ஒத்தியில் அப்பொறுப்பு தனி ஒருவருடையது. திருமணம், மருத்துவம், தொழில், பழைய கடன் போன்றவற்றுக்காகவே பெரும்பாலும் வீடு ஒத்திக்கு வைக்கப்படுவதால், பெற்ற தொகை உடனே செலவாகிவிடுகிறது. தவணை முடிவில் அடுத்த ஒத்திதாரரிடம் பெறும் பணத்தைக் கொண்டே முந்தையவருக்குத் திருப்பித் தருவது வழக்கமாக உள்ளது. புதிய ஒத்திதாரர் கிடைக்காத வரை முந்தையவர் வீட்டைக் காலி செய்யவும் இயலாமல், பணத்தைப் பெறவும் இயலாமல் காத்திருக்க நேரும். ஒரே தொழிலை நம்பிய ஊரில் அத்தொழில் முடங்கும்போது புதிதாக ஒத்திக்கு எடுப்போரும் குறைவர் என்பதால் இச்சிக்கல் மேலும் கடுமையாகும்.

வீடு முன்னரே வங்கிக்கு அடைமானம் வைக்கப்பட்டிருப்பது மற்றோர் இடராகும். முந்தைய அடைமானத்துக்கே முன்னுரிமை உண்டு என்பதால், கடன் தவறும்போது வங்கி வீட்டைக் கையகப்படுத்தினால், பதிவு செய்யாத ஒத்திதாரர் வீட்டையும் பணத்தையும் ஒருசேர இழக்க நேரிடலாம். ஒரே வீட்டைக் காட்டிப் பலரிடம் ஒத்திப் பணம் பெறும் மோசடியும் பதிவு செய்யாத ஒத்தியிலேயே எளிதாக நிகழக்கூடியது.

இவ்விடர்களைக் குறைக்கச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெறுதல், மூல ஆவணங்களை நேரில் பார்த்தல், வாரிசுகள் அல்லது கூட்டு உரிமையாளர்கள் அனைவரின் கையொப்பத்தையும் பெறுதல், ஆவணத்தைப் பதிவு செய்தல் ஆகியன மேற்கொள்ளப்படுகின்றன. உரிமையாளரால் மூல ஆவணத்தைக் காட்ட இயலாவிடில் அது வேறிடத்தில் அடைமானமாக இருக்கக்கூடும். தொகையை வங்கி வழியாகக் கொடுப்பது பணம் கைமாறியதற்குச் சான்றாக அமைவதோடு, 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாகப் பெறுவதைத் தடுக்கும் வருமான வரிச் சட்ட விதிக்கும் இணங்கியதாகும்.

தொகை மூன்றாண்டுக்குப் பின் அதே அளவில் திரும்புவதால், இடையில் ஏற்படும் விலைவாசி உயர்வு முதலின் மதிப்பைக் குறைத்துவிடும் என்பதும் கருதத்தக்கது. வங்கி, அஞ்சலக வைப்புகளுக்கும் இது பொருந்தும்.

பிற இடங்களில்

இலங்கையின் யாழ்ப்பாணத் தமிழரிடையே வழங்கும் தேசவழமைச் சட்டத்தில் ஒற்றி பற்றிய விதிகள் இடம்பெற்றுள்ளன. இச்சட்டம் ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது. மலபார் பகுதியிலும் ஒற்றி என்னும் பெயரிலேயே நில அடைமான முறை வழங்கியது.

தென்கொரியாவில் வழங்கும் ஜொன்சே முறை வீட்டு ஒத்தியைப் பெரிதும் ஒத்தது. குடியிருப்பவர் வீட்டு மதிப்பில் பெரும்பகுதியை முன்தொகையாகக் கொடுத்து, பொதுவாக ஈராண்டு மாத வாடகையின்றிக் குடியிருப்பார். 2022 இலிருந்து வீட்டு விலைகள் சரிந்தபோது உரிமையாளர் பலரால் முன்தொகையைத் திருப்பித் தர இயலவில்லை, மோசடிகளும் வெளிப்பட்டன. இதனால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ 2023 ஆம் ஆண்டு அந்நாட்டு நாடாளுமன்றம் சிறப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. பொலிவியாவில் இதையொத்த முறை அந்திகிரேத்திகோ எனப்படுகிறது.