டெலா குரூஸ்: தடுத்தும் நின்ற பெயர்



ஒரே வகுப்பில் மூன்று முகம்மது ரிஸ்வான் இருந்தால் வரவு இடாப்பு எழுதுகிற எங்களுக்கு என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. பிலிப்பைன்ஸில் ஸ்பானிய ஆளுநருக்கே இந்தத் தலையிடி வந்தது.

'டெலா குரூஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் 'சிலுவையின்' என்று பொருள். ஞானஸ்நானம் பெற்ற மக்கள் சிலுவை, புனிதர்கள், செபமாலை என்று தாங்களாகவே பெயர் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டுச் சகோதரர்களுக்கே வேறு வேறு பெயர். வரிப் பட்டியலில் யார், எவர் என்று பிடிபடவில்லை.

1849 நவம்பர் 21இல் ஆளுநர் நார்சிசோ கிளவேரியா கட்டளை போட்டார். சுமார் 60,000 பெயர்கள் அகரவரிசையில் அச்சாகி, பக்கம் பக்கமாக ஊர்களுக்குப் பங்கிடப்பட்டன. அல்பாய் மாகாணத்தில் ஓவாஸ் என்ற ஊருக்கு 'ஆர்' எழுத்து விழுந்தது. இன்றும் அங்கே அந்த எழுத்தில் தொடங்கும் பெயர்கள்தான் அதிகம். பாட்டன் பெயரைக் கேட்டால் வரிக்காரனின் புத்தகம் பதில் சொல்கிறது!

நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருந்தவர்கள் அதையே தொடரலாம் என்று கட்டளையில் ஒரு சலுகை இருந்தது. ஆனால் டெலா குரூஸுக்கு அது கிடையாது என்று பெயர் குறிப்பிட்டே எழுதினார் கிளவேரியா. அந்தப் பெயர்தான் இன்று நாட்டிலேயே ஆகக் கூடுதலானோர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்! கேலிச்சித்திரத்தில் வரும் சாதாரண குடிமகனும் 'ஹுவான் டெலா குரூஸ்'தான்.

தெற்கே மின்டனாவோ, சூலு முஸ்லிம்களிடம் ஸ்பானிய ஆட்சி முழுமையாக எட்டவில்லை. இந்தப் புத்தகமும் எட்டவில்லை. அதனால்தான் அவர்கள் மத்தியில் அரபுப் பெயர்களும் சொந்த மொழிப் பெயர்களும் இன்றைக்கும் வழங்குகின்றன.