பொரித்த மீனும் ஒரு கட்சியின் பிறப்பும்

மட்ரிட் நகரின் நடுநாயகமாக விளங்குவது புவேர்த்தா டெல் சோல் சதுக்கம். தலைநகரிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலைகளின் தூரத்தை அளக்கத் தொடங்கும் பூச்சியக் கல் அங்குதான் நடைபாதையிற் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து ஓரிரு நிமிடங்கள் நடந்தால் தெத்துவான் என்ற தெரு வரும். அத்தெருவில் 1860ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிற்றுண்டிச்சாலையின் பெயர் காசா லாப்ரா. பொரித்த கொட் மீனுக்குப் பேர்போன இடம். மீனுக்காக வரிசையில் நிற்பவர்களிற் பெரும்பாலானோர் அதன் முகப்பில் உள்ள நினைவுப் பலகையை வாசிப்பதில்லை. ஸ்பானிய சோசலிசத் தொழிலாளர் கட்சி 1879ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி அந்தக் கூரையின் கீழ்தான் இரகசியமாக உதயமானது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோடைகால நண்பகலில் நான் அங்கு சென்றேன். மீனுக்கு ஒரு வரிசை, குடிவகைக்கு வேறொரு மேடை. முன்பகுதியில் எல்லோரும் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். உட்கார்ந்து உண்பதற்கு உள்ளே ஓர் அறை உண்டு. மாவில் தோய்த்துப் பொரித்த கொட் துண்டு ஒன்றும், நம்மவரின் கட்லட்டைப் பார்வைக்கு நினைவூட்டும் குரோக்கேட்டாக்கள் இரண்டும் எனக்குக் கிடைத்தன. மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்போல் இதழிதழாகப் பிரியும் மீன். இப்படிச் சிறு தட்டுகளிற் பரிமாறப்படும் உணவைத்தான் ஸ்பானியர் தப்பாஸ் என்கின்றனர். தப்பா என்றால் மூடி. வைன் கிண்ணத்தில் ஈ விழாதிருக்க, அதன்மேல் ஒரு துண்டுப் பாணையோ இறைச்சியையோ வைத்து மூடிக் கொடுத்ததால் வந்த பெயர் என்பார்கள். இதற்குச் சில மன்னர்களின் பெயரைச் சொல்லிக் கதை கட்டியவர்களும் உண்டு. சமையற் பண்டங்களுக்கு அரச பரம்பரை தேடும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. நான் அவற்றை நம்புவதில்லை.

கடலிலிருந்து வெகுதூரத்தில், மேட்டுநிலத்தின் நடுவே இருக்கும் மட்ரிட் நகருக்குக் கொட் மீன் எப்படி வந்தது? கருவாடாகத்தான். குளிர்சாதன வசதி இல்லாத காலத்தில் வட அத்திலாந்திக்கிற் பிடித்து உப்பிட்டு உலர்த்திய கொட், பல நாட் பயணத்தைத் தாங்கி உள்நாட்டு நகரங்களைச் சேர்ந்தது. கத்தோலிக்கர் இறைச்சியைத் தவிர்க்கும் தவக்கால நாட்களில் அதற்குக் கிராக்கி அதிகம். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கிய பின்னரே அது அடுப்புக்குப் போகும். ஏழைத் தொழிலாளிக்கும் எட்டக்கூடிய உணவாக அது அக்காலத்தில் இருந்தது.

இப்படிப் பொரித்த கொட் மீனுக்கு ஸ்பெயினில் ஒரு வேடிக்கையான பெயர் உண்டு: பாவியாவின் படைவீரன். தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாக ஒலித்தாற் குற்றம் மொழியுடையது. மரபுப்படி அதன்மேல் ஒரு சிவப்புக் குடைமிளகாய்ப் பட்டையைச் சுற்றித் தருவார்கள். பாவியா என்ற குதிரைப்படைப் பிரிவினரின் சிவப்புச் சீருடையை அது நினைவூட்டியதால் இப்பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். ஜெனரல் மனுவேல் பாவியாவோடு அதை இணைப்போரும் உளர். எது சரியாயினும், காசா லாப்ராவில் நின்று அந்த மீனைத் தின்பவருக்கு ஜெனரலை மறந்துவிட முடியாது. அங்கே கட்சி ஒளிந்து பிறக்க நேர்ந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

ஸ்பெயினின் முதலாவது குடியரசு 1873 பெப்ரவரியிற் பிரகடனம் செய்யப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள், 1874 ஜனவரி 3ஆம் திகதி, பாவியாவின் படையினர் பாராளுமன்றத்துள் நுழைந்து உறுப்பினர்களைக் கலைத்தனர். அடுத்து அமைந்த அரசாங்கம் அதே மாதத்திலேயே முதலாம் அகிலத்தின் ஸ்பானியக் கிளைகளைத் தடைசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் மன்னராட்சியும் திரும்பிவந்தது. தொழிலாளர் கூடி அரசியல் பேசுவது குற்றமாயிற்று.

ஆனால், கூடிச் சாப்பிடுவதை யார் தடுக்க முடியும்? 1879இல் அந்த இருபத்தைந்து பேரும் செய்தது அதுதான். சகோதரத்துவ விருந்து என்ற பெயரில் அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தனர். விருந்து வெறும் மூடி. கிண்ணத்தில் இருந்தது கட்சி. வேலைத்திட்டத்தை எழுத ஐவர் கொண்ட குழுவைத் தெரிவுசெய்துவிட்டு எழுந்து சென்றார்கள். ஜூலை 20ஆம் திகதி நாற்பது பேர் கூடிய கூட்டமொன்று அத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

அந்த இருபத்தைந்து பேரில் நால்வர் மருத்துவர்கள், ஒருவர் விஞ்ஞானக் கலாநிதி, இருவர் நகைத் தொழிலாளர், ஒருவர் சலவைக்கல் தொழிலாளி, ஒருவர் சப்பாத்துத் தைப்பவர். எஞ்சிய பதினாறு பேரும் அச்சுத் தொழிலாளர்கள். பத்திரிகைத் துறையில் வாழ்வைக் கழித்த எனக்கு இந்தக் கணக்கு வியப்பளிக்கவில்லை. ஈய எழுத்துக்களைக் கையாற் பொறுக்கி அடுக்கிய அச்சுக்கோப்பாளர்களோடு பழகியவர்கள் இதை உணர்வார்கள். ஆசிரியர் எழுதியதை முதலில் வாசிப்பவர் அவர்தான். நாட்டில் அச்சாகும் சட்டமும் பிரசங்கமும் கவிதையும் துண்டுப்பிரசுரமும் அவரது விரல்களைக் கடந்தே வெளியே போக வேண்டும். கையால் உழைத்த தொழிலாளரில் வாசிப்பே பிழைப்பாக இருந்தவர் அவர் ஒருவரே. நான் அறிந்த அச்சுக்கூடங்களில், தலையங்கத்தின் பிழையைத் திருத்துவதோடு நில்லாமல் அதன் கருத்தையும் கண்டிக்கும் மூத்த அச்சுக்கோப்பாளர்கள் இருந்தார்கள்.

விருந்தின் மையமாக இருந்த பாப்லோ இக்லேசியாஸும் அச்சுக்கோப்பாளரே. 1850இல் வடமேற்குத் துறைமுக நகரான பெரோலிற் பிறந்தவர். தந்தை இறந்தபின் தாய் ஹுவானா தமது இரு பிள்ளைகளுடன் மட்ரிட் நகருக்கு நடந்தே வந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறும். உதவுவார் என்று தேடி வந்த உறவினர் இறந்துவிட்டிருந்தார். வேறு வழியின்றிப் பிள்ளைகள் அநாதை இல்லத்திற் சேர்க்கப்பட்டனர். பாப்லோ அச்சுத் தொழிலைக் கற்றது அங்கேதான். தம்பியைக் காசநோய் கொண்டுபோயிற்று. இளவயதிலேயே அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார் பாப்லோ. 1882இல் நடந்த அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்காகச் சிறை சென்றார். 1886இல் கட்சியின் வார இதழான எல் சோசலிஸ்தாவைத் தொடங்கி நடத்தினார்.

வளர்ச்சி ஆமை வேகத்தில் இருந்தது. மூடிய அறையில் நடந்த விருந்துக்கு முப்பத்தொரு ஆண்டுகளின் பின்னர், 1910இலேயே, கட்சிக்கு முதலாவது பாராளுமன்ற ஆசனம் கிடைத்தது. அதில் அமர்ந்தவர் இக்லேசியாஸ். 1925 டிசம்பரில் அவர் மறைந்தார். 1931இல் இரண்டாவது குடியரசு வந்தபோது பாராளுமன்றத்தில் மிகப்பெரிய கட்சி அவரது கட்சியாக இருந்தது. 1939இல் பிராங்கோ வென்றதும் மீண்டும் தடை, நாடுகடந்த வாழ்வு, சிறை. 1977இற்றான் அது சட்டபூர்வமாயிற்று. 1982 தேர்தலில் 350 ஆசனங்களில் 202ஐக் கைப்பற்றி ஆட்சி அமைத்தது.

ஆட்சியிலிருக்கும் கட்சிக்கு விருந்து மூடிகள் தேவைப்படுவதில்லை. அதன் கோளாறுகளும் அப்போதே வெளியே தெரிகின்றன. 2011 மே மாதத்தில், வேலையின்மையாலும் சிக்கன நடவடிக்கைகளாலும் கொதித்தெழுந்த இளைஞர்கள் புவேர்த்தா டெல் சோல் சதுக்கத்திற் கூடாரமடித்து அமர்ந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது சோசலிசக் கட்சி. அதன் பிறந்தகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றே அவர்கள் அதற்கெதிராகவும் கோஷமிட்டனர். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலிற் கட்சி 110 ஆசனங்களுக்குச் சரிந்தது. அந்த எதிர்ப்பலையின் தொடர்ச்சியாக 2014இல் பொதேமோஸ் என்ற புதிய கட்சி உருவானது. அதன் அப்போதைய தலைவரின் பெயரும் பாப்லோ இக்லேசியாஸ். பழையவரின் நினைவாகவே பெற்றோர் அவருக்கு அப்பெயரை இட்டிருந்தார்கள்.

பழைய இக்லேசியாஸுக்கு மட்ரிட் மேற்குப் பூங்காவில் 1936 மே மாதத்தில் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. செதுக்கியவர் எமிலியானோ பரால். அதே ஆண்டு நவம்பரில் மட்ரிட்டைக் காக்கும் போரில் அவர் உயிரிழந்தார். வென்றவர்கள் சின்னத்தை உடைத்தெறிந்தார்கள். ஆயினும் இடிபாட்டிலிருந்து கல்லாலான தலையை மட்டும் தொழிலாளர் சிலர் மீட்டு ரெத்திரோ பூங்காவில் இரகசியமாகப் புதைத்து வைத்தனர். இடத்தை அறிந்தவர்கள் பிராங்கோ இறக்கும்வரை வாய் திறக்கவில்லை. 1979இல், காசா லாப்ரா விருந்து நடந்து சரியாக நூறாவது ஆண்டில், அது தோண்டி எடுக்கப்பட்டுக் கட்சியின் தலைமையகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது.