ஒரு கையும் பல மதகுகளும்



இசையரங்கின் பின்வரிசையில், விளக்கு மங்கிய மேசை ஒன்றின் முன் அமர்ந்திருப்பவரைப் பெரும்பாலோர் திரும்பியும் பாரார். அம்மேசையில் வரிசையாக நிற்கும் சிறு தள்ளுகோல்களுக்கு ஃபேடர் என்று பெயர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட யான் அச்சொல்லை ‘மங்கச் செய்வது’ என்று தமிழாக்கிப் பார்த்தேன். அது ஒலியை உயர்த்தவும் செய்வதால் அடித்துவிட்டேன். மதகு என்பதே மனத்துக்குப் பொருந்துகிறது. ஒவ்வோர் ஒலிவாங்கியினின்றும் வரும் வாய்க்காலுக்கு ஒரு மதகு. பல மதகுகளை ஒரே கை ஆள வந்த வரலாறே இவ்வுரையின் பொருள்.

பழைய ஒலிபரப்பு நிலையங்களில் இம்மதகுகள் வட்டக் குமிழ்களாக இருந்தன. ஒரு கைக்கு ஒரு குமிழ். ஆகவே ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டைத்தான் செவ்வையாகத் திருப்ப இயலும். நியூயார்க் நகரத்து அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துக்கு 1958இல் எட்டுத் தடங்களில் பதியும் நாடாக் கருவி வந்தது. அங்கே ஒலிப்பொறியாளராயிருந்த டாம் டவுட், குமிழ்களை நீக்கி, நேர்கோட்டில் நகரும் தள்ளுகோல்களை மேசையில் புகுத்தினார். பத்து விரல்களுக்கும் வேலை கிடைத்தது. தடங்கள் பதினாறாகவும் இருபத்து நான்காகவும் பெருகியபோது அப்பத்து விரல்களும் போதவில்லை.

முதலிற் கண்ட வழி எளியது. வாய்க்கால்கள் சிலவற்றை ஒரே கால்வாயில் கூட்டி, அதன் கடைசியில் ஒரு பொது மதகு வைத்தார்கள். ஆனால் இதில் ஒரு குறை ஒளிந்திருந்தது. எதிரொலிக் கருவிக்குச் செல்லும் கிளை, ஒவ்வொரு வாய்க்காலிலும் அதன் சொந்த மதகைத் தாண்டியவுடனே பிரிகிறது. பொது மதகோ அதற்கும் கீழே உள்ளது. அதனை அடைத்தாலும் கிளையில் நீர் ஓடிக்கொண்டேயிருக்கும்.

இதன் விளைவை யான் நேரிற் கண்டேன். நம்மவர் கூடி நடத்திய நாட்டிய நிகழ்ச்சி ஒன்றில், மேடைக்கு அப்பாலிருந்த அறையில் நின்று ஒரு குழு பாடியது. நாயகி தனித்து நிற்கும் கட்டத்தில் பாட்டு மெல்லத் தேய்ந்து மௌனமாக வேண்டும். மேசையிலிருந்த இளைஞர் பொது மதகை இறக்கினார். பாட்டு மறைந்தது, எதிரொலி மட்டும் பாழுங்கிணற்றுக் குரல்போல் தொடர்ந்தது. சபை சிரித்தது. மேடையில் நின்ற பதினான்கு வயதுச் சிறுமியின் முகத்தை என்னால் மறக்க இயலவில்லை.

இக்குறைக்கு மாற்று அதற்கு நெடுநாள் முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்கரான டேவிட் பிளாக்மர், மின்னழுத்தத்தால் ஆளப்படும் பெருக்கி ஒன்றுக்கு 1973இல் காப்புரிமை பெற்றார். இவ்வகைப் பெருக்கியைத் தொழிலினர் விசிஏ என்பர். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் 1614இல் வெளியிட்ட மடக்கை, பெருக்கலைக் கூட்டலாக்குவதன்றோ? பிளாக்மரின் மின்சுற்றும் அதனையே செய்தது: வந்த ஒலிச்சைகையை மடக்கையாக்கி, ஆளும் மின்னழுத்தத்தை அதனுடன் கூட்டி, மீண்டும் பழைய உருவுக்குக் கொணர்ந்தது. இதனால் குழு ஃபேடர் வழியே ஒலி செல்ல வேண்டிய தேவை அற்றது. அது ஊர்த் தலைவரைப்போல ஒவ்வொரு மதகுக்கும் கட்டளை மட்டும் அனுப்புகிறது. மதகு தாழவே கிளையும் தாழ்கிறது. எனினும் ஒலி அப்பெருக்கியினுள் புகுந்து வருகையில் சிறிது இரைச்சலும் திரிபும் சேர்ந்தமையால், செவி கூரிய பொறியாளர் பலர் இதனை நம்பவில்லை.

ஒலியை எண்களாக்கிய மேசைகள் வந்ததும் அவ்வையம் ஒழிந்தது. யமஹா நிறுவனம் 1987இல் வெளியிட்ட டிஎம்பி7 என்னும் சிறு மேசையில் ஃபேடர்கள் மோட்டாரால் தாமே நகர்ந்தன. எண் மேசைகளிலும் டிசிஏ என்னும் குழு ஃபேடர் அனுப்புவது கட்டளையே. ஆனால் இங்கு அது வெறும் கணக்கு. மிருதங்கம் −3, கஞ்சிரா −6, கடம் −8 டெசிபெலில் இருப்பதாகக் கொள்வோம். குழு ஃபேடரைப் பத்து டெசிபெல் இறக்கினால் அவை −13, −16, −18 ஆகும். மேசையினுள் ஒவ்வொன்றின் எண்ணும் ஏறத்தாழ 0.316ஆல் பெருக்கப்படுகிறது. வித்துவான்களின் விகிதம் குலைவதில்லை.

புதியவர் இதில் திகைப்பதுண்டு. டிசிஏ இறங்கும்போது உறுப்பு ஃபேடர்கள் பொதுவாக இருந்த இடத்திலேயே நிற்கும். மிருதங்கத்தின் ஃபேடர் உயர்ந்திருக்க ஓசை கேளாதிருப்பின், முதலில் குழுவைப் பார்க்க வேண்டும். ஒரே வாத்தியத்தை இரு குழுக்களிற் சேர்த்தால் இரண்டின் இறக்கமும் அதன்மேல் விழும். பழைய பொது மதகும் ஒழிந்துபோகவில்லை. கூடிய ஒலி முழுவதையும் ஒருசேர அடக்கும் கம்பிரசர் போன்ற கருவியைப் பொருத்த அதுவே வேண்டும், ஒலி செல்லாத இடத்தில் அதனைப் பொருத்துவது எங்ஙனம்?

மறு ஆண்டு அதே சிறுமி அதே நாட்டியத்தை ஆடினாள். வாடகைக்கு வந்த எண் மேசையின் முன் அதே இளைஞர் அமர்ந்திருந்தார். பாட்டுக் குழுவை டிசிஏ ஒன்றில் சேர்த்திருந்தார். அக்கட்டம் வந்தபோது ஒற்றை விரலால் அதனை இறக்கினார். அரங்கில் அவள் சலங்கை ஒலி மட்டுமே கேட்டது.