கருவுற்ற தாயின் மனநலம்: ஒரு வரலாற்று நோக்கு

கருவுற்ற மகளைப் பேணுவதில் தமிழர் குறைவைத்தவர் அல்லர். வளைகாப்பு இடுவதும், தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வதும், மசக்கை கொண்டவள் விரும்பியதைத் தேடிக் கொணர்ந்து தருவதும் நம் குடும்பங்களில் இன்றளவும் நிலைத்திருக்கும் வழக்கங்கள். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து குடியேறிய நம் முன்னோரும் இவற்றைக் கைவிட்டாரில்லை. எனினும் இவை பெரும்பாலும் அவளுடைய உடலையும் வயிற்றுப் பிள்ளையையும் நோக்கியவையே. அவள் உள்ளத்தில் ஓயாது எழும் அச்சமும், நாள்தோறும் அழுத்தும் சோர்வும் மருத்துவம் வேண்டும் நோயாக இருக்கக்கூடும் என்னும் எண்ணம் நம்மிடையே காலந்தாழ்த்தே வேரூன்றியது. அவ்வெண்ணம் வளர்ந்த வரலாற்றையும் அது நமக்கு உணர்த்துவதையும் ஈண்டுக் காண்போம்.

பேறுகாலத்தில் மனம் திரிவதைப் பண்டு தொட்டே மக்கள் கண்டிருக்கின்றனர். மலாய் மக்கள் பிள்ளை பெற்றவளுக்கு வரும் அந்நிலையை 'மெரோயான்' என்று அழைத்தனர். நம்மவர் அதனைப் பேயின் வேலை என்றோ, கண்ணேறு என்றோ கருதி மந்திரிப்பவரை நாடினர். மருத்துவ நூலாக இதனை முதன்முதல் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் லூயி விக்தோர் மார்சே ஆவார். 1858ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல், பேற்றுக்குப் பின் வரும் மனநோயை மட்டுமன்றிக் கருவுற்றிருக்கும் காலத்தில் தோன்றுவதையும் தனியே ஆராய்ந்தது. ஆயினும் கருவுற்றவள் மகிழ்ந்தே இருப்பாள் என்னும் பொது நம்பிக்கை நெடுங்காலம் மாறவில்லை.

நம் நாட்டில் மனநோய் என்றதும் மக்கள் நாவில் வந்த பெயர் தஞ்சோங் ரம்புத்தான். ஈப்போவுக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1911ஆம் ஆண்டு மனநோயாளர்க்கான பெரிய மருத்துவமனை திறக்கப்பட்டது. கோலாலம்பூரிலிருந்து அது ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நோயுற்றவர் வீட்டையும் பிள்ளைகளையும் பிரிந்து அத்தனை தொலைவு செல்ல நேர்ந்தது. ஊர்ப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. 1971இல் அம்மருத்துவமனைக்கு மகிழ்ச்சி எனப் பொருள்படும் 'பஹாகியா' என்ற பெயர் சூட்டப்பட்ட பின்னரும் அவ்வேளனம் எளிதில் மறையவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி தன் மனக்கலக்கத்தை வெளியே சொல்ல அஞ்சியதற்கு இப்பெயரின் நிழலும் ஒரு காரணம் எனலாம்.

இஃது ஒருபுறமிருக்க, மருந்தைப் பற்றிய அச்சம் மற்றொரு நிகழ்ச்சியால் உலகெங்கும் பரவிற்று. 1957ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. அமைதியும் உறக்கமும் தரும் மருந்தென்று அதனைப் போற்றினர். கருவுற்ற பெண்டிர் மசக்கைக்கும் மனப்பதற்றத்திற்கும் அதனை உண்டனர். சில ஆண்டுகளில் கைகால் குறுகிய குழந்தைகள் பிறக்கலாயின. ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மக்பிரைட் ஆகிய மருத்துவர்கள் 1961இல் எச்சரிக்கை விடுத்தனர். அவ்வாண்டு இறுதியில் ஜெர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. அதற்குள் பல நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஊனமுற்றுப் பிறந்துவிட்டனர் என மதிப்பிடுவர். அமெரிக்காவில், சான்று போதாதென்று கூறி இசைவு தர மறுத்த பிரான்சிஸ் கெல்சி என்னும் அரசு அதிகாரியின் உறுதியால் அம்மருந்து பொதுச் சந்தைக்கு வரவில்லை.

இப்பெருந்துயர் மருந்துச் சட்டங்களைத் திருத்தியது. ஆனால் அதனோடு இன்னொரு வழக்கமும் வளர்ந்தது. கருவுற்றாள் என்று அறிந்த அன்றே மனநோய் மருந்துகள் அனைத்தையும் நிறுத்திவிடுதலே பாதுகாப்பு என்று பலர் எண்ணினர். அவ்வெண்ணம் முழுமையானதன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. முன்பே மனச்சோர்வுக்கு மருந்து உண்டுவந்த 201 கருவுற்ற பெண்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். மருந்தைத் தொடர்ந்தவர்களுள் 26 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. நிறுத்தியவர்களுள் 68 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. நோய் முற்றினால் தாய் உண்ணாள், உறங்காள், மருத்துவ ஆய்வுக்குச் செல்லாள்; உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழக்கூடும். குறைமாதப் பேறும் நேரலாம். ஆகவே மருந்துக்கு அஞ்சுவதில் நியாயம் இருப்பதுபோலவே, மருத்துவமின்றி விட்ட நோய்க்கு அஞ்சுவதிலும் நியாயம் உண்டு.

எல்லா மருந்தும் ஒரு தன்மையன அல்ல என்பதையும் வரலாறு கற்பித்தது. இருமுனை மனநோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் வல்ப்ரோயேட், பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்றுக்குப் பிறவிக் குறையை விளைவிக்கும். மூன்று, நான்கு குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையும் தாக்கக்கூடும். கருத்தரிக்கும் வயதுடைய மகளிர்க்கு அதனை இயன்றவரை தவிர்க்கின்றனர். லித்தியம் உண்ட தாயரின் குழந்தைகளுக்கெனப் பதிவேடு ஒன்று 1968இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்டது. அது குழந்தையின் இதயத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் முதலில் மிகப் பெரிதாக இருந்தது. அவ்விடர் உண்மையே, ஆயினும் முன்பு எண்ணியதைவிடச் சிறிது, மருந்தின் அளவோடு கூடுவது என 2017இல் வெளிவந்த பேராய்வு தெளிவுபடுத்தியது. மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் தரப்படும் செர்ட்ராலின் கருவுற்ற மகளிரிடம் நெடுநாள் பயன்பட்டு, ஓரளவு நன்கு ஆராயப்பட்ட மருந்தாகும். நோய் மென்மையாயின் பேச்சுவழி உளமருத்துவமே முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. எதுவாயினும் தாமே மருந்தைத் தொடங்குவதும், திடீரென நிறுத்துவதும் தீங்கு தரும். கருத்தரிக்க எண்ணும்போதே மருத்துவரிடம் கலந்து முடிவெடுத்தல் சாலச் சிறந்தது.

நோயை எவ்வாறு கண்டறிவது? 1987இல் காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகிய மூவர், பத்தே கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவையை வெளியிட்டனர். கடந்த ஏழு நாள்களில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றி அஞ்சினாயா, உனக்கே தீங்கு செய்துகொள்ளத் தோன்றியதா என்பன போன்ற எளிய வினாக்கள் அவை. பேற்றுக்குப் பிந்திய காலத்திற்கென எழுந்த அவ்வளவை பின்னர்க் கருவுற்றோர்க்கும் பயன்படலாயிற்று, தமிழிலும் பெயர்க்கப்பட்டது. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 359 பெண்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கை, பேற்றுக்குப் பின் 11 விழுக்காட்டினர்க்குப் புதிதாக மனச்சோர்வு வந்ததெனக் கூறிற்று. வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, ஆணை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறத்தல், உதவிக்கு ஆளின்மை ஆகியவை அதனோடு இணைந்திருந்தன. இவை நமக்கு அயலான செய்திகள் அல்ல. மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வில் பேற்றுக்குப் பிந்திய மனச்சோர்வு 2016இல் 4.4 விழுக்காடாகவும், 2022இல் 11.9 விழுக்காடாகவும் காணப்பட்டது.

இனி நம் கண்ணெதிரே உள்ள செராஸை நோக்குவோம். 1970இல் நிறுவப்பெற்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், 1997இல் செராஸின் பண்டார் துன் ரசாக் பகுதியில் தன் போதனா மருத்துவமனையைத் திறந்தது. வேந்தர் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை என இன்று வழங்கும் அவ்விடத்தில் மகப்பேற்று மருத்துவமும் உளமருத்துவமும் ஒரே வளாகத்தில் உள்ளன. தஞ்சோங் ரம்புத்தானை எண்ணி அஞ்சிய பாட்டியின் பேத்தி, இன்று தன் வயிற்றுப் பிள்ளையைச் சோதிக்கச் செல்லும் இடத்திலேயே தன் மனக்கலக்கத்திற்கும் மருத்துவம் பெறலாம். நூறாண்டுக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் சிறிதன்று. சட்டமும் மாறியுள்ளது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கொண்ட தண்டனைப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. தன்னுயிரை வெறுத்த தாய் காவலருக்கு அஞ்சி ஒளிய வேண்டிய நிலை ஒழிந்தது.

ஆயினும் மருத்துவமனை அருகில் இருப்பது மட்டும் போதாது. நோயுற்றவள் வாய் திறந்து சொல்ல வேண்டும். நம் பெண்கள் பலர் 'நெஞ்சு படபடக்கிறது', 'தலை பாரமாக இருக்கிறது' என்று உடலின் மேல் ஏற்றிச் சொல்வரேயன்றி, 'எனக்கு மனம் சரியில்லை' என்று சொல்லத் தயங்குவர். கேட்பவரும் 'எல்லாருக்கும் வருவதுதான்' என்று வாயடைத்துவிடுவர். இரண்டு வாரங்களுக்கு மேலாக நீடிக்கும் துயரையும் அச்சத்தையும் மருத்துவரிடமோ தாதியிடமோ கூறல் வேண்டும். தன்னையோ குழந்தையையோ அழித்துவிடும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அவளைத் தனியே விடாது அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லல் வேண்டும்.

தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. மனநோயாளரை இகழும் சொற்கள் வகுப்பறையில் ஒலிக்கும்போது அவற்றைத் திருத்துவதும், மனச்சோர்வு, பதற்றம் என்னும் சொற்களை வெட்கமின்றி வழங்கப் பழக்குவதும் நம்மால் இயலும். அச்சொற்களைப் பள்ளியில் கற்றுச் செல்லும் மாணவி, நாளை தாய்மை எய்தும்போது தன் நிலையைத் தன் மொழியிலேயே எடுத்துரைப்பாள். வளையல் அடுக்கி வாழ்த்தும் நாளில் அவள் கையைப் பற்றி, 'உன் மனம் எப்படி இருக்கிறது?' என்று ஒரு சொல் கேட்பதும் நம் சீர்களுள் ஒன்றாகட்டும்.