அலைகளை நிரைப்படுத்தும் கருவி

இரவு வேளையில் வானொலிப்பெட்டியின் குமிழைத் திருகித் தாய்மொழி நிலையத்தைத் தேடியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். விரைந்து திருகினால் நிலையம் ஒரு கீச்சொலியாய்க் கடந்துபோகும். மெல்லத் திருகினால்தான் குரல் தெளிவாகப் பிடிபடும். வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இவ்வனுபவம் புதிதன்று. இச்சிறு உண்மையே நிறமாலைப் பகுப்பான் என்னும் கருவியின் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கிறது. பொறியாளர்கள் ஸ்பெக்ட்ரம் அனலைசர் என வழங்கும் அக்கருவி, ஒரு மின்சைகையில் எந்தெந்த அதிர்வெண்கள் எவ்வளவு வலிமையோடு கலந்துள்ளன என்பதைத் திரையில் வரைந்து காட்டுவதாகும்.

இதன் தேவை யாது? 1975-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய மாநாடு, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் மத்தியலை நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை வகுத்தது. ஒரு நிலையம் தன் எல்லையை மீறினால் அடுத்த நிலையத்தின் குரல் அமிழ்ந்துபோகும். மீறியது யார் என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்றைத் தருவது இக்கருவி. ஆனால் சான்று கூறும் கருவியே பிறழ்ந்து காட்டினால் என் செய்வது?

எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகக் காணலாம் என்னும் கருத்தைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே, வெப்பம் பற்றித் தாம் 1822-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். 1897-இல் ஜெர்மானிய அறிஞர் பிரவுன் கேதோடுக் கதிர்க்குழாயை ஆக்கினார். 1918-இல் அமெரிக்கரான ஆம்ஸ்டிராங், வரும் அலையோடு கருவிக்குள்ளேயே எழுப்பிய மற்றோர் அலையைக் கலந்து, இரண்டின் வேறுபாடாகிய இடைநிலை அதிர்வெண்ணை ஒரு நிலையான வடிப்பான் வழியே செலுத்தும் சூப்பர்ஹெட்டரோடைன் முறையை வகுத்தார். அம்முறையில் உள் அலையின் அதிர்வெண்ணை மாற்றினால் போதும். வெளியிலுள்ள நிலையங்கள் ஒவ்வொன்றாய் வடிப்பானுக்குள் வந்து செல்லும்.

குமிழைத் திருகும் கையின் இடத்தில் ஒரு மின்சுற்றை அமர்த்தியதே அடுத்த படி. 1930-களில் மார்செல் வாலஸ் என்னும் பொறியாளர் உருவாக்கிய அகல்காட்சி வானொலி வாங்கி இவ்வழியில் முன்னோடியாகும். இதன் உயிர்நாடி அலகீட்டுச் சுற்று. ஒரு மின்தேக்கியை மாறாத மின்னோட்டத்தால் நிரப்பினால் அதன் மின்னழுத்தம் சீராக ஏறும். உச்சத்தை எட்டியதும் அதைச் சட்டென வெறுமையாக்கினால், மீண்டும் அடியிலிருந்து ஏறத் தொடங்கும். வரைந்து பார்த்தால் இது வாளின் பற்களை ஒத்திருக்கும். இந்த ஒரே மின்னழுத்தம் இரண்டு பணிகளைச் செய்கிறது. கதிர்க்குழாயின் ஒளிப்புள்ளியை இடமிருந்து வலமாக நகர்த்துகிறது. அதே வேளையில் உள் அலையின் அதிர்வெண்ணையும் உயர்த்துகிறது. ஆதலால் திரையின் ஒவ்வோர் இடமும் ஓர் அதிர்வெண்ணைக் குறிக்கலாயிற்று. வாளின் பல் வளைந்தால் அளவுகோலும் வளையும். எனவே ஏற்றம் நேர்கோடாய் இருத்தல் இன்றியமையாதது.

இனி அலைப்பட்டை அகலத்தைப் பார்ப்போம். அருகருகே உள்ள இரு சைகைகளைப் பிரித்துக் காண வடிப்பான் குறுகியதாக இருக்க வேண்டும். ஆனால் குறுகிய வடிப்பான் மெதுவாகவே இயங்கும். பத்தில் ஒரு பங்காகக் குறுக்கினால், அது முழு அளவுக்கு எழுவதற்குப் பத்து மடங்கு காலம் பிடிக்கும். அன்றியும் வாயில் பத்தில் ஒரு பங்காகக் குறுகியதால், அலகீடு அதனைப் பத்து மடங்கு விரைவில் கடந்துவிடும். இவ்விரண்டும் சேர, நூறு மடங்கு காலம் தேவையாகிறது. அலகிடும் பரப்பை அலைப்பட்டை அகலத்தின் வர்க்கத்தால் வகுத்து, 2 முதல் 3 வரையுள்ள ஓர் எண்ணால் பெருக்கினால் தேவையான காலம் கிடைக்கும். அவ்வெண்ணை 2.5 எனக் கொள்வோம். 10 மெகாஹெர்ட்ஸ் பரப்பை 10 கிலோஹெர்ட்ஸ் வடிப்பானால் காண கால் நொடி போதும். 1 கிலோஹெர்ட்ஸ் வடிப்பானால் காண 25 நொடி வேண்டும்.

அவசரப்பட்டால் கருவி வாளாவிருப்பதில்லை. பொய்ச் சித்திரம் ஒன்றை வரைகிறது. சிகரத்தின் உயரம் தாழும், அகலம் பெருகும், அதன் இடமும் அலகீட்டின் திசையில் தள்ளிப்போகும். எல்லை மீறிய நிலையம் குற்றமற்றதாகவும், குற்றமற்றது மீறியதாகவும் தோன்றக்கூடும். கோடு மட்டும் அழகாகவே இருக்கும். இதுதான் இதிலுள்ள பெரும் இடர்.

1964-இல் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் வெளியிட்ட 8551 என்னும் கருவி, 2 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள பரப்பை ஒரே வீச்சில் அலகிட்டது. அளவிடத்தக்க திரைக்காட்சியையும் நல்கியது. பின் வந்த கருவிகளில், சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட சுற்றுகள் அகன்ற பட்டைகளையும், படிகங்கள் குறுகிய பட்டைகளையும் ஏற்றன. பி-ஐ-என் டையோடுகளில் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்து, அவற்றின் தடையை மாற்றி, பட்டையகலத்தை ஆளும் முறையும் கையாளப்பட்டது. அந்நிறுவனத்தின் அடுத்த தலைமுறைக் கருவிகளில், அலகீடு அளவுக்கு மிஞ்சி விரைந்தால் ‘இக்காட்சி அளவைக்கு உரியதன்று’ என்னும் பொருளில் ஒரு சிறு விளக்கு எரிந்தது. 1970-களின் இறுதியில் நுண்செயலிகள் வந்து, பட்டையகலத்திற்கு ஏற்ற காலத்தைத் தாமே கணித்து அமைக்கலாயின.

இன்றைய கருவிகள் பல, அலையை எண்களாக மாற்றி, ஃபூரியேயின் கணிதத்தாலேயே பகுக்கின்றன. நெடிய அலகீட்டுக் காலம் அவற்றில் பெரிதும் குறைந்துள்ளது. ஆயினும் நுட்பமாகப் பிரித்தறிய நெடுநேரம் கேட்டாக வேண்டும் என்னும் விதி மாறவில்லை. நேரத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள இப்பிணைப்பை 1946-இல் டென்னிஸ் காபோர் கணித வடிவில் நிறுவினார். அதை எந்தச் சுற்றாலும் வெல்ல இயலாது. தன் எல்லையைத் தானே உணர்ந்து உரைத்த அந்தச் சிறு விளக்கே, இக்கருவியின் வரலாற்றில் போற்றத்தக்க அணிகலன் எனலாம்.