பாதி பழுதான சில்லுகளில் ஓடிய கணினி

1982 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாகவும் சாதாரண கேசட் ரெக்கார்டரைச் சேமிப்புக் கருவியாகவும் பயன்படுத்தியதால், 16 கிலோபைட் நினைவகத்துடன் 125 பவுண்டுக்கும் 48 கிலோபைட்டுடன் 175 பவுண்டுக்கும் விற்கப்பட்டது.

இக்கணினியின் சிக்கனம் வியக்கத்தக்கது; ஓரளவு துணிச்சலானதும்கூட. கூடுதலாகச் சேர்க்கப்பட்ட 32 கிலோபைட்டுக்கு, உற்பத்தியில் ஒரு பாதி பழுதானதால் மலிவாகக் கிடைத்த 64 கிலோபிட் நினைவகச் சில்லுகளே வாங்கப்பட்டு, எந்தப் பாதி நல்லது என்பதற்கேற்ப மின்சுற்றுப் பலகையில் ஒரு கம்பி இணைப்பு மாற்றி வைக்கப்பட்டது. திரையிலும் இதே போக்குதான்: 256க்கு 192 படப்புள்ளிகள் இருந்தும், எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்கள் அனுமதிக்கப்பட்டமையால், முழுப்படமும் 6912 பைட்டுகளில் அடங்கியது, ஆனால் இரு உருவங்கள் ஒரே கட்டத்தில் சந்திக்கும்போது ஒன்றின் நிறம் மற்றொன்றில் படிந்தது.



இன்று ஸ்பெக்ட்ரம் கணினிகளைப் பழுதுபார்க்கும் ஆர்வலர்களின் முதல் கவலை, முதல் 16 கிலோபைட்டுக்கான சில்லுகளே. மூன்று வெவ்வேறு மின்னழுத்தங்களை வேண்டும் அவை, எதிர்மின்னழுத்தமான -5 வோல்ட் மட்டும் நின்றுபோனாலே கெட்டுவிடக்கூடும். ஆதலால் சில்லைத் தொடுமுன் மின்வழங்கல் சுற்றையே அவர்கள் அளந்து பார்க்கின்றனர்.